அந்த போல்ட்டுக்கு விலை கொடுத்தது யார்? யூஜெனியோ மோன்டியின் கதை

இன்னைக்கு நாம பேசப் போறது யூஜெனியோ மோன்டி என்கிற இத்தாலிக்காரரைப் பத்தி. பாப்ஸ்லெட்டில் ஒன்பது உலக சாம்பியன்ஷிப் தங்கம், ஆறு ஒலிம்பிக் பதக்கம் வாங்கினவர். பேர் தெரியாட்டியும் இவரோட கதை ஒண்ணு உங்க காதில் விழுந்திருக்கும். ஒலிம்பிக் போட்டி நடந்துக்கிட்டு இருக்கும்போதே, எதிரணியோட வண்டியில் போல்ட் உடைஞ்சு போச்சுன்னு தன் வண்டியிலிருந்து போல்ட்டைக் கழட்டிக் கொடுத்தாரே, அவர்தான். போல்ட்டை வாங்கினவங்க தங்கம் ஜெயிச்சாங்க, கொடுத்தவருக்கு வெண்கலம். "மனுஷன்னா இப்படி இருக்கணும்"னு கைகூப்புற எமோஜியோட குடும்ப குரூப்புக்கு வர்ற வகை கதை.

கதை உண்மைதான். ஆனா எனக்கு ஒரு கெட்ட பழக்கம், இந்த மாதிரி ஏதாவது வந்தா ஸ்கோர்போர்டைத் தேடிப் போய்ப் பார்ப்பேன். அங்கே இந்தக் கதையில் வராத ஒரு மூணாவது ஆள் இருக்கார். இந்த எபிசோடுக்குக் காரணமே அவர்தான். அவரைப் பத்திப் பேச முன்னாடி விளையாட்டு என்னன்னு வேகமா பார்த்துடலாம்.

பாப்ஸ்லெட்னா பனிக்கட்டி போட்ட வளைவான கால்வாய் மாதிரி ஒரு பாதை, பொதுவா ஒண்ணரை கிலோமீட்டர் பக்கத்தில் நீளம் இருக்கும். மலை மேலேருந்து கீழே இறங்கும். எஃகு ரன்னர்கள் மேல உட்கார்ந்த ஒரு கூடு, அதுதான் வண்டி. எஞ்சின் கிடையாது. தொடக்கத்தில் ஆளுங்க ஓடித் தள்ளிட்டு உள்ளே குதிப்பாங்க, அப்புறம் புவியீர்ப்பு பார்த்துக்கும். முன்னாடி உட்காருறவர் பைலட், அவர் கையில்தான் ஸ்டியரிங். பின்னாடி இருக்கிறவர் பிரேக்மேன். பேர்தான் பிரேக்மேன், இறுதிக் கோட்டைத் தாண்டுற வரைக்கும் பிரேக்கைத் தொட மாட்டார். மோன்டி காலத்தில் ரெண்டு பேர் வண்டி, நாலு பேர் வண்டின்னு ரெண்டு பிரிவு இருந்துது. (நம்ம சிவா கேசவன் ஆறு ஒலிம்பிக் போனது லூஜ் என்கிற வேற விளையாட்டு. அது மல்லாந்து படுத்துக்கிட்டு போறது. குழப்பிக்க வேண்டாம்.)

ஒலிம்பிக்கில் பொதுவா நாலு ஓட்டம். நாலோட நேரத்தையும் கூட்டி, குறைஞ்ச நேரம் யாருக்கோ அவங்களுக்குத் தங்கம். ஒரு ஓட்டத்தில் போனதை அடுத்த ஓட்டத்தில் பிடிக்கணும். இந்த "கூட்டி" என்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மோன்டி பிறந்தது 1928 ஜனவரியில், வட இத்தாலி மலைகளில் இருக்கிற டோப்பியாக்கோ என்கிற ஊரில். ஆரம்பத்தில் அவர் பனிச்சறுக்கு வீரர். சாதாரண வீரர் இல்ல, இத்தாலியோட முதல் வரிசை ஆட்களில் ஒருத்தர். செம்பட்டை முடிக்காரர், பறக்குற வேகம், அதனால் "பறக்கும் செம்பட்டை"ன்னு பட்டப்பேர். 1951ல் விழுந்ததில் ரெண்டு முழங்காலிலும் தசைநார் கிழிஞ்சுது. இருபத்து மூணு வயசில் அந்த விளையாட்டு அவருக்கு முடிஞ்சு போச்சு.

முழங்கால் போனவருக்கு உட்கார்ந்துக்கிட்டு வேகமாப் போற விளையாட்டு ஒண்ணு கிடைச்சுது. 1956ல் ஒலிம்பிக் அவங்க ஊர்ப்பக்கமே, கார்ட்டினாவில் நடந்துது. மோன்டிக்கு ரெண்டு பேர் பிரிவில் வெள்ளி, நாலு பேர் பிரிவிலும் வெள்ளி. சொந்த மண்ணில் ரெண்டு வெள்ளி என்பது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அடுத்த வருஷத்திலிருந்து மனுஷன் விடலை. 1957லிருந்து 1961 வரைக்கும் அஞ்சு வருஷமும் ரெண்டு பேர் பிரிவில் உலக சாம்பியன். 60லயும் 61லயும் நாலு பேர் பிரிவும் அவருக்கே.

ஆக 1960 ஒலிம்பிக் வரும்போது பூமியில் இவரைத் தோற்கடிக்க ஆள் குறைவு. அமெரிக்காவில் ஸ்குவா வேலி என்கிற இடத்தில் நடக்குது. ஆனா நடத்துறவங்க, ஒன்பது நாடுதான் பாப்ஸ்லெட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கு, இதுக்காக ஒரு பாதை கட்ட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பாப்ஸ்லெட் ஆரம்பமான 1924லிருந்து இன்னைக்கு வரைக்கும், அந்த விளையாட்டே இல்லாம நடந்த ஒரே குளிர்கால ஒலிம்பிக் அதுதான். அந்த ஒண்ணு சரியா மோன்டியோட உச்ச வருஷத்தில் வந்து விழுந்துது. இதில் யாரைத் திட்டுறது? பட்ஜெட் முடிவு. நம்ம புராஜெக்ட்டை நிறுத்துறாங்களே, அதே மாதிரிதான், நாம நல்லா வேலை செஞ்சோமா என்பதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது.

அதனால் 1964ல் இன்ஸ்ப்ரூக் வரும்போது மோன்டிக்கு வயசு 36. ஏழு உலக சாம்பியன்ஷிப் ஆகி, 63ல் எட்டாவதும் வாங்கியாச்சு. இல்லாதது ஒலிம்பிக் தங்கம் மட்டும்தான்.

அந்த வருஷம் இன்ஸ்ப்ரூக்கில் பனியே சரியா விழலை. ஆஸ்திரிய ராணுவம் மலையிலிருந்து பனிக்கட்டியை வெட்டிக் கொண்டுவந்து பாதை போட்டுது. ரெண்டு பேர் பிரிவில் பிரிட்டன் சார்பா டோனி நாஷ் பைலட், ராபின் டிக்சன் பிரேக்மேன். பிரிட்டனில் அப்போ பாப்ஸ்லெட் பாதையே இல்ல. ஆனா ரெண்டு பேரும் நல்ல ஃபார்மில் இருந்தாங்க. முதல் ஓட்டம் முடிஞ்சு, ரெண்டாவதுக்கு முன்னாடி வண்டியைப் பார்த்தா, பின் ஆக்ஸிலைப் பிடிச்சு வெச்சிருக்கிற போல்ட் உடைஞ்சிருக்கு.

இது சின்ன விஷயம் இல்ல. ரன்னர்கள் ஆக்ஸிலில்தான் மாட்டியிருக்கு. அது ஆடினா வண்டி நேரா போகாது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்குப் பக்கமா போகும்போது வளைவில் சுவரில் போய் மோதும். மாத்துறதுக்கு போல்ட் இல்லைன்னா போட்டியிலிருந்து வெளியே, அவ்வளவுதான். மோன்டி தன்னோட வண்டியிலிருந்து அந்த போல்ட்டைக் கழட்டிக் கொடுக்க வெச்சார். அது நாஷோட வண்டிக்குப் பொருந்திச்சு. நாஷும் டிக்சனும் இறங்கினாங்க.

இதுவரைக்கும்தான் எமோஜி வெர்ஷன். இப்போ ஸ்கோர்போர்டு.

முதலிடம் நாஷ், டிக்சன்: 4 நிமிஷம் 21.90 செகண்ட். மூணாமிடம் மோன்டியும் அவரோட பிரேக்மேன் செர்ஜியோ சியோர்பாயெஸும்: 4 நிமிஷம் 22.63. வித்தியாசம் 0.73 செகண்ட். பாப்ஸ்லெட் கணக்கில் இது கொஞ்சம் தூரம்தான். நாஷ் போட்டியிலேயே இல்லைன்னு வெச்சுக்கோங்க, அப்பவும் மோன்டிக்குத் தங்கம் கிடைச்சிருக்காது. வெண்கலம் வெள்ளியா மாறியிருக்கும்.

ஏன்னா ரெண்டாமிடத்தில் இன்னொரு இத்தாலி வண்டி இருந்துது. பைலட் செர்ஜியோ சார்டினி. (இன்னைக்கு எபிசோடில் ரெண்டு செர்ஜியோ, பார்த்துக்கோங்க.) அவரோட நேரம் 4 நிமிஷம் 22.02. நாஷுக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.12 செகண்ட்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓட்டத்துக்கு ஒண்ணரை கிலோமீட்டர், நாலு ஓட்டம், மொத்தம் ஆறு கிலோமீட்டர். சராசரி வேகம் செகண்டுக்கு 23 மீட்டர் பக்கத்தில் வருது. 0.12 செகண்ட்னா மூணு மீட்டருக்கும் குறைவு. ஆறு கிலோமீட்டரில் மூணு மீட்டர், நம்ம வீட்டு ஹாலோட அகலம்கூட இல்ல. அந்த போல்ட் கிடைக்கலைன்னா சார்டினி ஒலிம்பிக் சாம்பியன்.

அதாவது, மோன்டி கொடுத்த போல்ட்டுக்குப் பெரிய விலை கொடுத்தது மோன்டி இல்ல. பக்கத்து வண்டியில் இருந்த அவரோட நாட்டுக்காரர். அவரை யாரும் கேட்கலை. போல்ட் கைமாறும்போது முடிவு இப்படி வரும்னு யாருக்கும் தெரியாது, அது வேற. ஆனா நாம இந்தக் கதையைச் சொல்லும்போது தாராள மனசு, தியாகம்னு ரெண்டே பேரோட கதையா சொல்லி முடிச்சுடுறோம். சார்டினியை எடிட் பண்ணித் தூக்கிட்டோம்.

இத்தாலிப் பத்திரிகைகள் தூக்கலை. சொந்த நாட்டுத் தங்கத்தை எடுத்து வெள்ளைக்காரன் கையில் கொடுத்துட்டியேன்னு மோன்டியைப் பிடிபிடின்னு பிடிச்சாங்க. (அவரும் வெள்ளைக்காரர்தான், நம்ம ஊர்ப் பேச்சு வழக்கில் சொல்றேன்.) மோன்டி சொன்ன பதில் இதுதான்: நாஷ் ஜெயிச்சது நான் போல்ட் கொடுத்ததால் இல்ல, அவர் வேகமா ஓட்டினதால்.

முதல் தடவை படிச்சப்போ இது தன்னடக்கம்னு எனக்குத் தோணிச்சு. ரெண்டாவது தடவை படிச்சப்போ, இது சரியான எஞ்சினியரிங் பதில்னு தோணிச்சு. ஒரு போல்ட் யாரையும் வேகமாக்காது. உடையாத வண்டி எந்த நிலையில் இருந்திருக்குமோ, அந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும். அதுக்கு மேல வந்த ஒவ்வொரு மில்லிசெகண்டும் நாஷோட கையிலிருந்து வந்தது. போல்ட் இல்லாம சார்டினிக்குக் கிடைச்சிருக்கக்கூடிய தங்கம், நாஷ் மெதுவா ஓட்டினதால் கிடைக்கிற தங்கம் இல்ல. ஒரு ஃபாஸ்ட்னர் தயாரிச்ச கம்பெனியோட தரக்குறைவால் கிடைக்கிற தங்கம். மோன்டிக்கு அது வேண்டாம். அவர் எட்டு வருஷமா தேடினது, இருக்கிறதிலேயே வேகமான ஆளைவிட நான் வேகமானவனா என்கிற கேள்விக்குப் பதிலை. வேகமான ஆள் மேலேயே உட்கார்ந்துட்டா அந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

சரி, ஆனா அவருக்கு வேண்டாம் என்பது சார்டினிக்கும் வேண்டாம்னு ஆகுமா? இங்கேதான் எனக்கு இழுக்குது. ஒரு தடவை வேலையில் பக்கத்து டீமுக்கு அவசரமா ஒரு டெஸ்ட் சர்வர் தேவைப்பட்டுது. எங்ககிட்ட இருந்துது. கொடுத்தா அவங்க எங்களுக்கு முன்னாடி ரிலீஸ் பண்ணிடுவாங்க. எங்க லீட் யோசிக்காம "கொடுத்துடு"ன்னார். நல்ல மனுஷன், சந்தேகமே இல்ல. ஆனா அந்த வார சனி ஞாயிறு உட்கார்ந்து வேலை பார்த்தது அவர் இல்ல, டீமில் இருந்த ரெண்டு ஜூனியர்கள். நல்லது பண்றதுக்கான பில் எப்பவும் பண்ணினவங்க மேசைக்கே வர்றதில்ல. கொடுத்திருக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. மோன்டி இடத்தில் இருந்தா நானும் கொடுத்திருக்கணும்னுதான் ஆசைப்படுறேன். சார்டினியோட பேரையும் சேர்த்துச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்றேன்.

அதே ஒலிம்பிக்கில் நாலு பேர் பிரிவிலும் இதே கதை இன்னொரு தடவை நடந்துது. கனடா அணி, பைலட் விக் எமெரி. கனடாவில் அப்போ பாப்ஸ்லெட் பாதையே கிடையாது. அவங்க வண்டியோட ஆக்ஸில் பழுதாகிடுச்சு. மோன்டியோட மெக்கானிக்குகள் போய் சரிபண்ணிக் கொடுத்தாங்க. கனடாவுக்குத் தங்கம், மோன்டிக்கு மறுபடியும் வெண்கலம். ஒரே ஒலிம்பிக்கில் ரெண்டு தடவை. இதுக்காக பியர் டி கூபர்டின் பதக்கம் கொடுத்தாங்க, அதை முதன்முதலில் வாங்கினவங்களில் மோன்டி ஒருத்தர்.

சார்டினி அதுக்கப்புறம் கனடாவுக்குக் குடிபோயிட்டார். 1966 பிப்ரவரியில் அமெரிக்காவில் லேக் பிளாசிட் பாதையில் வண்டி ஓட்டும்போது நடந்த விபத்தில் இறந்துட்டார். வயசு 34. அவர் வாங்கின ஒலிம்பிக் பதக்கம் அந்த ஒரு வெள்ளிதான். நான் அந்த 0.12ஐப் பத்தி இவ்வளவு நேரம் பேசினதுக்குக் காரணம் இது. மோன்டிக்கு அடுத்த வாய்ப்பு வந்துது. இவருக்கு வரலை.

மோன்டி 66ல் ரெண்டு பேர் பிரிவில் மறுபடியும் உலக சாம்பியன், மொத்தம் ஒன்பது. அப்புறம் 1968, பிரான்ஸில் கிரெனோபிள் ஒலிம்பிக். பாப்ஸ்லெட் பாதை ஆல்ப் டுவெஸ் என்கிற மலை மேல. மோன்டிக்கு நாப்பது வயசு. முதல் ஒலிம்பிக்குக்கும் இதுக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். புது பிரேக்மேன், லூச்சியானோ டி பாவோலிஸ்.

அந்தப் பாதை வெயிலில் உருகிக்கிட்டே இருந்துது. மூணு ஓட்டம் முடிஞ்சப்போ மேற்கு ஜெர்மனியோட ஹோர்ஸ்ட் ஃப்ளோத், பெப்பி பாடர் ஜோடி மோன்டியைவிட செகண்டில் பத்தில் ஒரு பங்கு முன்னாடி இருந்தாங்க. கடைசி ஓட்டத்தில் மோன்டி 1 நிமிஷம் 10.05 செகண்டில் இறங்கினார், அந்தப் பாதையில் அதுவரைக்கும் யாரும் போகாத வேகம். அடுத்து ஃப்ளோத், 1 நிமிஷம் 10.15. கூட்டிப் பார்த்தா ரெண்டு வண்டிக்கும் 4 நிமிஷம் 41.54 செகண்ட். நூறில் ஒரு பங்கு வரைக்கும் சமம்.

முதலில் ரெண்டு பேருக்கும் தங்கம்னு அறிவிச்சாங்க. அப்புறம் விதிப் புத்தகத்தைப் புரட்டினாங்க. மொத்த நேரம் சமமா வந்தா, தனி ஓட்டங்களில் அதிவேக ஓட்டம் யாருடையதோ அவங்களுக்குத் தங்கம்னு சர்வதேச பாப்ஸ்லெட் விதி இருந்துது. அந்த ஓட்டம் மோன்டியுடையது. தங்கம் அவருக்கு, ஃப்ளோத்துக்கு வெள்ளி. இனி நிம்மதியா ஓய்வு பெறலாம்னு மோன்டி சொன்னார்.

அப்புறம் நாலு பேர் பிரிவு. பனி உருகினதால் நாலு ஓட்டத்துக்குப் பதில் ரெண்டே ஓட்டம். இத்தாலி ஆஸ்திரியாவை 0.09 செகண்டில் ஜெயிச்சுது. ரெண்டாவது தங்கம். இன்ஸ்ப்ரூக்கில் ஜெயிச்ச நாஷ், டிக்சன் ஜோடி அந்தத் தடவை ரெண்டு பேர் பிரிவில் அஞ்சாமிடம். மோன்டி அதோட வண்டியை விட்டு இறங்கினார்.

பிற்கால வாழ்க்கையைப் பத்தி நீளமா பேசப் போறதில்ல. கார்ட்டினாவில் தொழில் பண்ணினார். வயசான காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்துது. 2003 டிசம்பரில், 75 வயசில், தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். இதைச் சொல்லாம விட்டா இன்னொரு எடிட் பண்ணின கதையாகிடும், அதனால் சொல்றேன். கார்ட்டினாவில் இருந்த பழைய பாதைக்கு அவர் பேர் வெச்சாங்க, 2008ல் அதை மூடினாங்க. 2026 ஒலிம்பிக்குக்காக அதே இடத்தில், பெரிய எதிர்ப்புக்கு நடுவில், புதுசா ஒரு பாதை கட்டினாங்க. அதுக்கும் அவர் பேர்தான்.

ஆனா நான் முடிக்க நினைக்கிறது ஃப்ளோத்தைப் பத்தி. 1998 நகானோ ஒலிம்பிக்கில் ரெண்டு பேர் பிரிவில் நாலு ஓட்டம் முடிஞ்சு இத்தாலியும் கனடாவும் சமமா வந்தாங்க, நூறில் ஒரு பங்கு வரைக்கும். ரெண்டு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தாங்க. 2018ல் பியோங்சாங்கில் கனடாவும் ஜெர்மனியும் சமம், ரெண்டுக்கும் தங்கம். நடுவில் விதி மாறியிருக்கு. ஒரே இன்புட், வேற வெர்ஷன், வேற அவுட்புட். 1968ல் ஃப்ளோத் ஓட்டின அதே நாலு ஓட்டத்தை இன்னைக்கு விதியில் போட்டா அவருக்கும் தங்கம். மோன்டியோட தங்கமும் குறையாது, பக்கத்தில் இன்னொருத்தர் நிப்பார், அவ்வளவுதான்.

ஃப்ளோத்தும் பாடரும் 1972 சப்போரோவில் மறுபடியும் வந்தாங்க. மறுபடியும் வெள்ளி. தங்கம் ஜெயிச்சது இன்னொரு மேற்கு ஜெர்மனி வண்டி.

இந்த வாரம் இவ்வளவுதான். 1964 ரெண்டு பேர் பிரிவோட முழு நேரப் பட்டியலை முடிஞ்சா தேடிப் பாருங்க, ரெண்டாவது வரியிலிருந்து படிக்க ஆரம்பிங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.